புத்தகத்தைக் கொடுங்கள், கடைசித் தாளைக் கொடுக்காதீர்கள்

வாசகியின் கடிதம்:

வணக்கம் அக்கா. போன வருஷம் கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் ஒரு பிரதி கிடைத்தது, 90 ரூபாய். படித்துவிட்டு ஆபீஸ் தோழிக்குக் கொடுத்தேன், அவர் தன் அண்ணிக்கு, அண்ணி இன்னொருவருக்கு என்று என்னையும் சேர்த்து இதுவரை எட்டுப் பேர் கைக்குப் போய் வந்திருக்கிறது. படித்தவர்கள் கடைசி வெற்றுத்தாளில் பெயர், தேதி, மனதில் பட்டதை ஒரு வரி எழுத வேண்டும் என்று நான்தான் ஆரம்பித்து வைத்தேன். அதில் ஏழு பெயர் இருக்கிறது. எங்கள் ஊர் திருச்செங்கோட்டிலிருந்து ரொம்பத் தூரமில்லை. இப்போது கேட்டிருப்பவர் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண், அவருடைய மாமனார் இந்த நாவலை எதிர்த்துத் திருச்செங்கோட்டில் நடந்த 2015 கடையடைப்பில் முன்னால் நின்றவர். "தடை பண்ணின புத்தகத்தைச் சுற்றுக்கு விட்டால் போலீஸ் கேஸ் ஆகும்" என்கிறார் என் வீட்டுக்காரர். இன்னொன்று, கையெழுத்துப் போடாத அந்த எட்டாவது ஆள் என் நெருங்கிய தோழி. ஒன்பது வருஷமாகக் குழந்தை இல்லை. இருபது பக்கத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டார், அதற்கப்புறம் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. பழைய சொந்தக்காரர் ஓரத்தில் பென்சிலால் நிறைய எழுதி வைத்திருக்கிறார், அழிக்கலாமா? மூன்று பேர் ஜெராக்ஸ் வேறு கேட்கிறார்கள். போட்டோ அனுப்பியிருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்:

அம்மிணி (எனக்கும் கோபிப் பக்கம்தான், இப்படிக் கூப்பிடுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்), முதலில் வீட்டுக்காரரின் பயத்தை முடித்துவிடலாம். 'மாதொருபாகன்' தடை செய்யப்பட்ட புத்தகம் இல்லை. ஒரு நாள்கூட அரசுத் தடையில் இருந்ததில்லை. நூலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவள் நான், இந்த நாவலைப் பற்றி என்னிடம் அதிகம் பேர் கேட்டதே "அது தடை பண்ணின புக்குதானே?" என்பதுதான், அதிலும் பாதிப் பேர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், வீட்டில் படித்துக் காட்டுங்கள். பெருமாள்முருகனின் இந்த நாவல் 2010 கடைசியில் காலச்சுவடு வெளியீடாக வந்தது. 2013இல் ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் வந்து நாலு வருஷம் எந்தச் சத்தமும் இல்லை. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பியது, பிரதிகளை எரித்தார்கள், ஜனவரியில் கடையடைப்பு, பிறகு 2015 ஜனவரி 12ஆம் தேதி நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சு என்று அவரை உட்காரவைத்தார்கள். வருத்தம் தெரிவிக்கிறேன் என்று அவர் எழுதியது போதாது என்றாகி, நிபந்தனையற்ற மன்னிப்பு என்று எழுதி வாங்கினார்கள், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறவும் ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அதற்கப்புறம்தான் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவர் முகநூலில் அறிவித்தது. ஏற்கெனவே புத்தகம் வாங்கியவர்கள் எரித்துவிடலாம், நஷ்டம் என்று யாராவது நினைத்தால் ஈடு தருகிறேன் என்றும் அதில் சொல்லியிருந்தார். உங்கள் கையில் இருப்பது 2015க்கு முந்தைய பதிப்பு என்று போட்டோவில் தெரிகிறது. அப்படியானால் யாரோ ஒருத்தர் அன்றைக்கு அதைப் படித்துவிட்டு எரிக்காமல் அலமாரியில் வைத்திருந்திருக்கிறார். பென்சிலால் ஓரத்தில் எழுதியவரும் அவராகவே இருக்கலாம்.

இந்தக் கதையில் அரசாணை எங்கேயாவது வருகிறதா? வரவில்லை. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாங்கின காகிதம், அவ்வளவுதான். 2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் அந்தக் காகிதம் எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்புச் சொன்னார்கள், அவர் மேல் நடவடிக்கை கேட்டுப் போட்ட மனுவும் தள்ளுபடி ஆனது. புத்தகம் பிடிக்கவில்லை என்றால் தூக்கிப் போடு, படித்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லையே என்கிற பொருளில் ஒரு வரி அந்தத் தீர்ப்பில் உண்டு. எங்கள் நூலக மேசையில் நாங்கள் தினமும் சொல்கிற பேச்சு அது, நீதிபதி வாயால் கேட்டபோது கொஞ்சம் சிரிப்பாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

உண்மையான தடை என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. மாநில அரசு இந்தப் புத்தகத்தை இன்ன காரணத்துக்காகப் பறிமுதல் செய்கிறோம் என்று காரணத்தையும் எழுதி அறிவிப்பாணை போட வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 95ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து வந்த புதுச் சட்டத்தில் 98. ஆணை வந்தால் போலீஸ் பிரதிகளை எடுத்துக்கொண்டு போகலாம், நீங்களும் இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து விசாரிப்பார்கள். வெளிநாட்டில் அச்சான புத்தகம் என்றால் சுங்கத் துறை இறக்குமதியை நிறுத்தும். சல்மான் ருஷ்டியின் 'சாத்தானின் வசனங்கள்' 1988 அக்டோபரில் அப்படித்தான் நின்றது. அந்த ஆணையைக் காட்டுங்கள் என்று ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக, எந்த அலுவலகத்தாலும் அதைத் தேடி எடுக்க முடியாமல், அப்படியொரு ஆணை இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று 2024 நவம்பரில் நீதிமன்றம் சொன்னது. 36 வருஷம்! காட்ட முடியாத காகிதத்துக்கு ஒரு நாடே பயந்திருக்கிறது, உங்கள் வீட்டுக்காரரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஆபாசம் என்ற பிரிவு தனி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 292, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 294. அது பிடிப்பது விற்பவரை, வாடகைக்கு விடுபவரை, விநியோகிப்பவரை, அதற்காகவே கையில் வைத்திருப்பவரை. தான் படிக்க என்று வைத்திருப்பவரை அல்ல. இந்த விஷயத்தில் பெயர்பெற்ற வழக்கு பம்பாயில் ஒரு புத்தகக் கடைக்காரர்கள் மேல் போட்டது. வாடிக்கையாளர் மாதிரி ஆளை அனுப்பி 'லேடி சாட்டர்லியின் காதலன்' ஒரு பிரதி வாங்க வைத்து வழக்குப் போட்டார்கள், உச்ச நீதிமன்றம் வரை போய் 1964இல் தண்டனை உறுதியானது. அபராதம் எவ்வளவு தெரியுமா? ஆளுக்கு 20 ரூபாய். அன்றைக்கு நீதிமன்றம் கையில் வைத்திருந்த அளவுகோல் 1868ஆம் வருஷத்து இங்கிலாந்து அளவுகோல். அதை உச்ச நீதிமன்றமே 2014இல் கைவிட்டுவிட்டது. பழைய புத்தகத்தைத் தோழிக்குப் படிக்கக் கொடுப்பதில் பதிப்புரிமைச் சிக்கலும் கிடையாது. ஏற்கெனவே விற்றுப் புழக்கத்துக்கு வந்துவிட்ட பிரதியை மறுபடி விற்கலாம், கொடுக்கலாம், வாங்கலாம். அப்படி இல்லையென்றால் உக்கடத்துக் கடைகளும் இருக்காது, திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளும் இருக்காது. நான் வக்கீல் இல்லை, ஆனால் இவ்வளவும் எங்கள் தொழிலில் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம்.

ஆக, போலீஸ் பயத்தைத் தள்ளி வையுங்கள். எனக்குப் பயமாக இருப்பது உங்கள் கடைசித் தாள்.

2015 ஜனவரி கடைசி என்று நினைவு. நான் அப்போது ஒரு கிளை நூலகத்தில் இருந்தேன், எந்த ஊர் என்று சொல்லவேண்டாம். மத்தியானம் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், டீ குடிக்கிறீர்களா என்றுகூட எங்களைக் கேட்டார்கள். "மேடம், அந்தப் புக்கு உங்க லைப்ரரில இருக்குதுங்களா?" இருந்தது, வெளியே போயிருந்தது. "யார் எடுத்திருக்காங்க? இதுக்கு முன்னாடி யார் யார் எடுத்தாங்க? சும்மா தெரிஞ்சுக்கத்தான்." சும்மா தெரிந்துகொள்ள யாரும் லைப்ரரிக்கு இரண்டு பேராக வருவதில்லை.

அப்போது எங்கள் கிளையில் கம்ப்யூட்டர் கிடையாது, பழைய அட்டை முறைதான். உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம், உறுப்பினருக்கு சின்னப் பை மாதிரி டிக்கெட் கொடுப்பார்கள், புத்தகத்துக்குள் ஒரு அட்டை இருக்கும், புத்தகம் எடுக்கும்போது அந்த அட்டையை எடுத்து உங்கள் டிக்கெட்டுக்குள் செருகி, தேதி வாரியாக மரத் தட்டில் அடுக்கி வைப்போம். புத்தகம் திரும்பி வந்ததும் அட்டை புத்தகத்துக்குள் போய்விடும், டிக்கெட் உங்கள் கைக்கு வந்துவிடும். அவ்வளவுதான். அந்த நிமிஷத்தோடு அந்தப் புத்தகத்தை நீங்கள் படித்ததற்கு எந்தச் சாட்சியும் இல்லை. புத்தகத்தில் ஒட்டியிருக்கிற தேதிச் சீட்டில் தேதி மட்டும் இருக்கும், ஆள் இருக்காது. இதற்கு பிரௌன் முறை என்று பெயர். நூலகப் படிப்பில் இதை நியூவார்க் முறையோடு ஒப்பிட்டுப் பத்து மார்க் கேள்வி வரும். நியூவார்க்கில் புத்தக அட்டையிலேயே உறுப்பினர் எண்ணை எழுதி வைப்பார்கள், அதனால் யார் யாரெல்லாம் எடுத்தார்கள் என்ற வரிசை அப்படியே நிற்கும். நியூவார்க்கின் நன்மைகளில் ஒன்று அது என்று பரீட்சையில் நானே எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அந்த இரண்டு பேர் எதிரே நிற்கும்போதுதான் அது யாருக்கு நன்மை என்று யோசித்தேன்.

"முன்னாடி எடுத்தவங்க விவரம் எங்ககிட்ட இல்லைங்க, முறை அப்படி" என்றேன். பொய் இல்லை. "இப்ப எடுத்திருக்கிறவர்?" அதைச் சொல்வதற்கு எனக்கு உரிமை இல்லை, மேலதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள் என்றேன். கை நடுங்கியது, மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவர்கள் எழுதவும் இல்லை, திரும்ப வரவும் இல்லை.

நீங்கள் ஆசையாக ஆரம்பித்து வைத்தது ஒரு நியூவார்க் அட்டை, அம்மிணி. அதுவும் எண் கூட இல்லை, பெயரும் தேதியும் மனதில் பட்டதும். அதில் ஒருவர் எழுதியிருப்பதைப் பார்த்தேன், தன் வீட்டுக் கதையை ஒரு வரியில் எழுதியிருக்கிறார். ஏழு பேருக்குள் சுற்றும்வரை அது அழகான விஷயம், நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாள் இப்போது போகப்போவது எந்த வீட்டுக்கு? மாமனார் அன்றைக்கு முன்னால் நின்றவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அலமாரிச் சாவி அவர் கையில் இருக்குமா என்று உங்களுக்குத் தெரியாது. புத்தகம் பிடிபட்டால் ஒரு பெண் பதில் சொல்ல வேண்டும், தாள் பிடிபட்டால் எட்டுப் பேர். அந்த ஏழு பேர் எழுதும்போது ஒன்பதாவது வாசகர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது, அவர்களைக் கேட்காமல் அதை அங்கே அனுப்ப உங்களுக்கு உரிமையும் இல்லை. தாளை எப்படி எடுப்பது என்று கடைசியில் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கலாமா என்றால், கொடுங்கள். அவராகக் கேட்டிருக்கிறார், வளர்ந்த பெண். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், "எங்கே வைத்துப் படிப்பீர்கள்?" என்று. அவர் யோசித்தால், உங்கள் வீட்டில் வந்து படிக்கட்டும், இல்லை ஆபீஸில் மத்தியானம் அரை மணி நேரமாகப் படிக்கட்டும், பெரிய நாவல் இல்லை, இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். தினசரித் தாளில் அட்டை போட்டுக் கொடுக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். நம் வீடுகளில் அட்டை போட்ட புத்தகத்தைத்தான் முதலில் பிரித்துப் பார்ப்பார்கள். மாமனாரோடு இதை வைத்து ஒரு விவாதம் நடக்கட்டும், அவர் மனம் மாறட்டும் என்ற நப்பாசை உங்களுக்குள் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், அந்த வேலைக்குப் புதுசாக வந்த மருமகள் ஆள் இல்லை.

இனி உங்கள் தோழி. கடிதத்தில் நீங்கள் நடுவில் ஒளித்து வைத்த கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன், மற்றதெல்லாம் இதைக் கேட்பதற்காகச் சுற்றி வந்தது.

நாவல் காளி, பொன்னா என்று குழந்தையில்லாத ஒரு தம்பதியைப் பற்றியது. ஊர் அவர்களைப் பார்க்கிற பார்வைதான் அதில் பாதிக் கதை. குழந்தையில்லாத பெண் முன்பின் தெரியாத ஆணோடு சேரலாம் என்று நாவல் காட்டுகிற கோயில் பதினாலாம் நாள் திருவிழாவைப் பற்றித்தான் வெளியில் சண்டை, ஆனால் படித்தவர்களுக்குத் தெரியும், அது வருவதற்கு முன்பே பக்கத்துக்குப் பக்கம் ஒரு பெண் ஊர் வாயில் அரைபடுவதுதான் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் அதைப் படித்துவிட்டு, பொன்னாவின் கஷ்டத்தை இவ்வளவு புரிந்து எழுதியிருக்கிறாரே, இது தோழிக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துக் கொடுத்திருப்பீர்கள். நினைத்தது நல்லதுதான். ஆனால் அவர் பக்கம் நின்று பாருங்கள். ஒன்பது வருஷமாகச் சொந்தக்காரர்கள் கோயில் பெயரும் டாக்டர் விலாசமும் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கல்யாண வீட்டில், வளைகாப்பில், ஒவ்வொருத்தரும் ஒன்று கொடுக்கிறார்கள். நீங்கள் ஒருத்திதான் ஒன்றும் கொடுக்காமல் பேசிக்கொண்டிருந்தீர்கள். ஒரு நாள் நீங்களும் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினீர்கள், பிரித்துப் பார்த்தால் குழந்தையில்லாத பெண்ணின் கதை. பொன்னாவைப் பார்க்கிற ஊர்க்கண்ணை அவர் உங்கள் கையில் பார்த்திருப்பார்.

நான் இதைவிட மோசமாகச் செய்திருக்கிறேன். மகனை விபத்தில் இழந்த ஒரு வாத்தியார், ஆறு மாதம் கழித்து முதல்முறையாக நூலகத்துக்கு வந்தார். நான் ஓடிப்போய், மகனை இழந்த அப்பாவைப் பற்றிய ஒரு நாவலை எடுத்துக் கொடுத்தேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது, இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்கிற ரங்கநாதனின் ஐந்து விதிகளையும் சுவரில் எழுதி ஒட்டியிருந்த காலம், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று. மறுநாள் காலையிலேயே கொண்டுவந்து வைத்தார். "நான் துப்பறியும் கதை ஏதாவது கிடைக்குமான்னு வந்தேன்மா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சீர்காழிக்காரரான ரங்கநாதன் 1931இல் அந்த விதிகளை எழுதும்போது நூலகரைக் கல்யாணத் தரகராக்க எழுதவில்லை என்று எனக்குப் புரிய அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. புத்தகத்தை அலமாரியில் கண்ணில் படுகிற மாதிரி வைப்பது வரைதான் நம் வேலை. கை நீட்டி எடுப்பது அவர்கள் வேலை.

அப்படியானால் நீங்கள் செய்தது தப்பா என்றால், புத்தகம் தப்பில்லை, 'உனக்கு' என்று கொடுத்தது தப்பு. ஒரே பிரதி கைமாறிக்கொண்டே வரும்போது இந்தச் சிக்கல் அதிகம், ஏனென்றால் அலமாரியே இல்லை, ஒவ்வொரு முறையும் ஒரு கை இன்னொரு கைக்குத்தான் கொடுக்கிறது, அதனால் எல்லாமே 'உனக்கு' ஆகிவிடுகிறது. இனிமேல் யாராவது கேட்டால், இது குழந்தையில்லாத தம்பதியின் கதை, முடிவும் லேசானது இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கதை தெரிந்துவிடுமே என்று பார்க்காதீர்கள்.

தோழியிடம் விளக்கம் கொடுக்கப் போகாதீர்கள். நாவலின் பெருமையைச் சொல்லவே சொல்லாதீர்கள். "அதை உன்கிட்டக் கொடுத்திருக்கக் கூடாது, யோசிக்காம செஞ்சுட்டேன்" என்று ஒரு வரி, நேரில், வேறு யாரும் இல்லாதபோது. அப்புறம் பேச்சை மாற்றி, வழக்கமாக நீங்கள் இரண்டு பேரும் எதைப் பேசிச் சிரிப்பீர்களோ அதைப் பேசுங்கள். உடனே சரியாகாது. பத்து வருஷம் கழித்து அவரே அந்தப் புத்தகத்தைக் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம்.

பென்சில் எழுத்தை அழிக்காதீர்கள். பழைய புத்தகத்தில் 90 ரூபாய்க்கு உங்களுக்கு இனாமாக வந்த பகுதி அது. ரப்பரால் தேய்த்தால் தாளின் மேல்தோல் போய் மெலிந்துவிடும், எழுத்தின் தடமும் முழுதாகப் போகாது. ஆனால் முதல் பக்கத்தில் அவர் பெயரும் படித்த கல்லூரியும் மையால் எழுதியிருக்கிறது, அதை யாருக்கும் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். கண்ணை உறுத்தினால் அந்த இடத்தில் ஒரு சின்ன வெள்ளைத் தாளை ஒட்டிவிடலாம்.

ஜெராக்ஸ் வேண்டாம், பிடிஎஃப்பும் வேண்டாம். முழு நாவலையும் நகல் எடுத்துக் கொடுப்பது பதிப்புரிமை மீறல், அது ஒன்று. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 2014இல் அந்த நாவலின் சில பக்கங்களை மட்டும் உருவி, ஜெராக்ஸ் எடுத்து ஊரில் விநியோகித்தார்கள், முழுப் புத்தகத்தைப் பார்க்காதவர்கள்கூடக் கோபப்பட்டது அந்தத் தாள்களைப் படித்துத்தான். நகல் எடுத்தால் நாலு பக்கம் தனியாகக் கழன்று எங்காவது போகும். கட்டுப்போட்ட புத்தகத்தில் அந்தப் பக்கங்களை எட்டுவதற்கு முன்னால் காளியையும் பொன்னாவையும் தாண்டித்தான் போக வேண்டும். மூன்று பேர் கேட்கிறார்கள் என்றால் மூன்று பேரும் பணம் போட்டுப் புதுப் பிரதி ஒன்று வாங்கட்டும், கடையில் தாராளமாகக் கிடைக்கிறது, எழுதினவருக்கும் ஏதாவது போய்ச் சேரும்.

நீங்கள் கேட்காத ஒன்று. போட்டோவில் தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் மங்கலாக ஒரு நீல முத்திரையும் ஒரு எண்ணும் தெரிகிறது. அது நூலக முத்திரை. பக்கத்திலோ உள்ளேயோ 'நீக்கப்பட்டது' என்ற இன்னொரு முத்திரை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் கழித்துக் கட்டிய பிரதி, கவலையில்லை. இல்லாவிட்டாலும் திருட்டுப் பொருள் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், தொலைத்துவிட்டேன் என்று பணம் கட்டியவர்கள் அப்புறம் பரணிலிருந்து கண்டெடுப்பது நடக்கிற விஷயம்தான். அந்த நூலகத்துக்குப் போன் செய்து எண்ணை மட்டும் சொல்லிக் கேளுங்கள், அவர்களுடையது என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும். அங்கேயும் யாராவது படிப்பார்கள்.

அது தெரியும்வரை புத்தகத்தைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். முதுகுப் பக்கம் செலோ டேப் ஒட்டியிருக்கிறீர்கள் (நீங்கள் இல்லையென்றால் அந்த ஏழு பேரில் ஒருவர்), இரண்டு வருஷத்தில் அது மஞ்சளாகிப் பிசுபிசுத்துத் தாளையும் பிடித்து இழுக்கும். இனிமேல் டேப் வேண்டாம். பைண்டிங் கடைக்காரர்கள் மைதாவில் துளி மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுகிற பசை இருக்கிறதே, அதற்கு இணை எதுவும் இல்லை, பூச்சியும் அண்டாது, ஆனால் துத்தம் விஷம், குழந்தைகள் இருக்கிற வீட்டில் நீங்களே காய்ச்சாதீர்கள், கடையில் கொடுத்து ஒட்டி வாங்குங்கள்.

இப்போது அந்தத் தாள். கையால் கிழிக்காதீர்கள். தைத்த கட்டாக இருந்தால் ஒரு தாளை இழுத்தால் அதன் ஜோடித் தாளும் தளர்ந்து கழன்று வரும். கீழே ஒரு அட்டையை வைத்து, இரும்பு ஸ்கேல் பிடித்து, புது பிளேடால், முதுகிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டு மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. வெட்டின தாளை நீங்கள் வைத்துக்கொள்ளலாமா, அவரவர் வரியைக் கத்தரித்து அவரவருக்கே கொடுத்துவிடலாமா என்பதை அந்த ஏழு பேரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். இனி வருபவர்கள் எழுத ஆசைப்பட்டால் தேதியும் வரியும் மட்டும் எழுதட்டும், பெயர் வேண்டாம்.

அப்புறம், நீங்கள் எனக்கு அனுப்பிய போட்டோவில் ஏழு பெயரும் தெளிவாகத் தெரிந்தன. பார்த்ததும் அழித்துவிட்டேன். நீங்களும் உங்கள் போனில் அழியுங்கள். கூகுள் போட்டோஸில் ஏறியிருந்தால் அழித்த பிறகும் குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும், அதைத் திறந்து அங்கேயும் ஒருமுறை அழியுங்கள்.